தகதிமியும் ஏழாம் நம்பர் மட்டையும்

கோல்ஃப் ஆட்டத்தில் பந்து நம்மைத் தேடி வருவதில்லை. கிரிக்கெட்டில் வருகிறது, டென்னிஸில் வருகிறது. வருகிற பந்தை அடிக்க வேண்டிய அவசரம் அங்கே நியாயமானது. கோல்ஃப் பந்தோ புல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடித்தாலும் அங்கேயேதான் இருக்கும். இருந்தும் அதன் முன்னால் போய் நின்றவுடனே பஸ் கிளம்பிவிட்டதைப் போல ஒரு பதற்றம் எல்லோருக்கும் வருகிறது. அமைதியாக ஃபைல் பார்த்து, பேரப்பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசி, வாழ்நாள் முழுக்க நிதானஸ்தர் என்று பெயர் எடுத்தவர்கள்கூட, மட்டை உச்சிக்குப் போன அந்தக் கணத்தில் வேறு ஆளாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கணத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கோல்ஃபில் அதற்கு டெம்போ என்று பெயர். நம்மூரில் டெம்போ என்றால் சாமான் ஏற்றுகிற வண்டி. ‘டெம்போ பயிற்சி’ என்று ஒரு நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, “ஏனுங்க, டெம்போ எதுக்கு இப்ப? வீடு மாத்தறமா?” என்று கேட்டாள். விளக்கினேன். “இதுக்கு ஒரு நோட்டா?” என்று போய்விட்டாள்.

விளக்கம் எளிதுதான். மட்டையைப் பந்தின் பின்னாலிருந்து நகர்த்தித் தோளுக்கு மேலே கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆகிறது, அங்கிருந்து இறங்கிப் பந்தில் பட எவ்வளவு நேரம் ஆகிறது, இந்த இரண்டுக்கும் உள்ள உறவு என்ன என்பதுதான் டெம்போ. எல்லாம் சேர்ந்து ஒன்று, ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும் சமாச்சாரம். பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கிற நேரமோ ஒரு நொடியில் சுமார் 2000-ல் ஒரு பங்கு. அதற்குள் எதையும் திருத்த முடியாது. திருத்துவதெல்லாம் அதற்கு முந்தைய ஒரு நொடியில்தான்.

எனக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக இருந்திருந்தால் நோட்டுப் போட்டிருக்க மாட்டேன். 67-வது வயதில் இடுப்பில் வலி வந்தது. படம் எடுத்துப் பார்த்ததில் கீழ் முதுகில் வட்டு ஒன்று தேய்ந்திருந்தது. எலும்பு மருத்துவர் நல்லவர். எடுத்த எடுப்பில் ஆட்டத்தை விடச் சொல்லவில்லை. வரவேற்பறையில் கிடந்த குடையைக் கையில் கொடுத்து, “எப்படி அடிப்பீங்க, செஞ்சு காட்டுங்க” என்றார். காட்டினேன். “மேல போறதுல ஒண்ணும் தப்பில்லை. உச்சியில இருந்து வெட்டி இழுக்கறீங்க பாருங்க, அங்கதான் இடுப்பு வாங்குது. ஒரு வருஷம் பார்ப்போம். இந்த வெட்டு குறையலேன்னா விட்டுடுங்க” என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் வாரத்தில் மூன்று நாள் காலையை நிரப்புவது இந்த ஆட்டம்தான். நண்பர்கள் அங்கேதான். நடையும் அங்கேதான். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் மயில்கள் அகவுகிற அந்தப் புல்வெளியில் 18 குழிகளையும் சுற்றி வந்தால் கால் வலிக்கும், மனசு லேசாகும். ஒரு வருஷம் கெடு என்றதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது.

உச்சியிலிருந்து வெட்டி இழுப்பதற்கு ஊரெல்லாம் சொல்கிற மருந்து ஒன்றே ஒன்று: “மெதுவா.” பயிற்சியாளர் ஒருவரிடம் மூன்று வகுப்புகள் போயிருந்தேன். அவரும் அதையே சொன்னார். கூட ஆடுகிறவர்கள் சொன்னார்கள். டிவியில் வர்ணனை செய்கிறவர்களும் சொல்வார்கள். எனவே மெதுவாக எடுத்தேன். இன்னும் மெதுவாக எடுத்தேன். பந்து வலப்பக்கம் வளைந்து முள்ளுக்காட்டுக்குப் போவது நிற்கவே இல்லை.

விஷயத்தை ஒரே வாக்கியத்தில் உடைத்தவர் எனக்கு மட்டைப் பை சுமந்து வருகிற கேடி. (போலீஸ்காரர்கள் சொல்கிற கேடி இல்லை. ஆனால் வெளியூர் உறவினர்களிடம் ‘என் கேடி சொன்னார்’ என்று பேசி நான் மாட்டிக்கொண்டதுண்டு.) ஐம்பதைத் தாண்டிய மனிதர். பள்ளிக்கூட வயதிலேயே பை சுமக்க வந்துவிட்டவர். வளைத்த இரும்புக் கம்பியால் பந்து அடித்துப் பழகியவர். ஒரு நாள் ஐந்தாவது குழியில் நான் அடித்த பந்து வழக்கம்போல முள்ளுக்குள் போனதும், தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

“சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க மேல எடுக்கறது மாட்டு வண்டிங்க. கீழ எறக்கறது பொள்ளாச்சி பஸ்ஸுங்க. ரெண்டும் ஒரே வண்டியா இருக்கணுங்க.”

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. மறுநாள் ரேஞ்சில் அவரிடமே செல்போனைக் கொடுத்து, மெதுவாகக் காட்டும் வசதியில் நான் அடிப்பதைப் படம் பிடிக்கச் சொன்னேன். அந்த வசதியில் நொடிக்கு 240 படங்கள் பதிவாகின்றன. ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன். மட்டை மேலே போக 290 படங்கள். உச்சியிலிருந்து பந்துக்கு 72. அதாவது ஏறுவதற்கு 1.2 நொடி, இறங்குவதற்கு 0.3 நொடி. நான்குக்கு ஒன்று. மாட்டு வண்டியும் பொள்ளாச்சி பஸ்ஸும் கணக்கில் வந்துவிட்டன.

நல்ல ஆட்டக்காரர்களின் கணக்கு என்ன என்பதை எண்ணிப் பார்த்தவர் ஜான் நொவோசெல் என்ற அமெரிக்கர். தொலைக்காட்சிப் பதிவுகளில் நொடிக்கு 30 படங்கள் ஓடும். தொழில்முறை வீரர்களின் வீச்சை அதில் படம் படமாக எண்ணினால் சிலருக்கு ஏற 27, இறங்க 9. சிலருக்கு 24-ம் 8-ம். வேகமானவர்களுக்கு 21-ம் 7-ம். ஆள் எப்படிப்பட்டவராக இருந்தாலும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் பெரிதாக விலகுவதில்லை. இதை அவர் 2004-ல் ‘டூர் டெம்போ’ என்று புத்தகமாகவே போட்டார். அவர் சொன்னதில் என்னை உலுக்கியது இன்னொன்று: நம்மைப் போன்ற சாதா ஆட்டக்காரர்களில் பலர் தொழில்முறை வீரர்களைவிட மெதுவாகத்தான் மட்டையை எடுக்கிறார்கள்.

என் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் இறங்குவதற்கு எடுத்த 0.3 நொடிதான் 27-க்கு 9 என்று அடிப்பவருக்கும். இறக்கத்தில் குறையே இல்லை. ஏற்றத்தில்தான் 0.3 நொடி அதிகம். ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லிச் சொல்லி மட்டையை மேலே தூக்கிக்கொண்டு போய் வைக்கிறேன். அதற்குள் உடம்பில் ஏறிய முறுக்கு செத்துப்போகிறது. பிறகு அங்கிருந்து புதிதாக ஒரு பலத்தை வரவழைக்க வேண்டியிருக்கிறது. அதைத் தோளும் கையும் போட்டி போட்டுக்கொண்டு செய்கின்றன. அதுதான் மருத்துவர் பார்த்த வெட்டு. வலத்தோள் முந்திக்கொண்டு வெளியே வந்து, மட்டை குறுக்காக வெட்டிப் பந்து வலப்பக்கம் சுழல்வதும் அதனால்தான்.

நாற்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்வது சிரமமில்லை. ரிங் ஃப்ரேமில் பின் ரோலரைவிட முன் ரோலர் இத்தனை மடங்கு வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த விகிதத்தில்தான் பஞ்சுச் சரம் நீட்டப்பட்டு நூலாகிறது. மெஷினை வேகமாக ஓட்டினாலும் மெதுவாக ஓட்டினாலும் அந்த விகிதம் மாறாது. பல்சக்கரத்தை மாற்றினால்தான் மாறும். ஒரு ரோலரை மட்டும் மெதுவாக்கினால் 40-ம் நம்பர் நூல் வர வேண்டிய இடத்தில் வேறு நம்பர் வந்து நிற்கும். “மெதுவா” என்று அறிவுரை சொல்கிற அத்தனை பேரும் ஒரு ரோலரை மட்டும் மெதுவாக்கச் சொல்கிறார்கள்.

ஏன் மூன்றுக்கு ஒன்று? யேல் பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் க்ரோபர் இதை ஆராய்ந்திருக்கிறார். மட்டைக்குள் உணர்கருவி வைத்து, வீச்சின் வேகத்தை ஒலியாக மாற்றிக் காதில் கேட்க வைக்கிற ஒரு சாதனத்தையும் செய்தார். உடம்பும் மட்டையும் சேர்ந்து ஒரு சுருள்வில் மாதிரி நடந்துகொள்கின்றன என்பது அவர் தரப்பு. வில்லுக்கு அதற்கென்று ஓர் ஊசலாட்ட நேரம் உண்டு. அதை ஒட்டி இழுத்துவிட்டால் குறைந்த பலத்தில் நிறைய வேகம் கிடைக்கும். ஊஞ்சலில் இருக்கிற குழந்தையைத் தள்ளுகிறவர்களுக்கு இது தெரியும். ஊஞ்சலின் நேரம் தவறித் தள்ளினால் கைதான் வலிக்கும்.

சரி, கணக்கு தெரிந்துவிட்டது. 0.9 நொடியை உடம்புக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சிறு வயதில் நாலு வருஷம் மிருதங்கம் கற்றேன். மேடை ஏறவில்லை. ஆனால் வாத்தியார் தொடையில் தட்டிப் போட்ட தாளம் அழியவில்லை. ஒரு நாள் காலைக் காப்பிக்கு முன் மொட்டை மாடியில் நின்றுகொண்டு இந்த மூன்றுக்கு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தபோது சதுஸ்ர நடை நினைவுக்கு வந்தது. ஒரு தட்டுக்கு நான்கு சொல்: த, க, தி, மி. அடுத்த தட்டில் மறுபடி த. முதல் ‘த’வில் மட்டையை எடுங்கள். ‘மி’ வரும்போது மட்டை உச்சியில் இருக்கட்டும். அடுத்த ‘த’வில் பந்து. எண்ணிப் பாருங்கள்: ‘த’விலிருந்து ‘மி’க்கு மூன்று இடைவெளி, ‘மி’யிலிருந்து அடுத்த ‘த’வுக்கு ஒன்று. மூன்றுக்கு ஒன்று! எடுப்பும் சமமும் நம் வித்வான்கள் போட்டுக் கொடுத்தபடியே இருக்கின்றன.

செல்போனில் மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். நிமிடத்துக்கு 50 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டுக்கு 1.2 நொடி. அது 27-க்கு 9 ஆட்களின் வேகம். 56 என்று வைத்தால் 24-க்கு 8. 64 என்றால் 21-க்கு 7. நான் 50-ல் ஆரம்பித்தேன். முதல் வாரம் பந்து கிடையாது, மட்டையும் கிடையாது. ஈரிழைத் துண்டின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, மறுமுனையை இரு கையாலும் பிடித்து மாடியில் வீசினேன். துண்டை ஏமாற்ற முடியாது. உச்சியில் முடிச்சு முதுகின் மேல் விழுந்து அடங்கும்வரை பொறுத்தால்தான் அது ஒழுங்காக இழுபட்டு வரும். அவசரப்பட்டால் காற்றில் சுருண்டு மடங்கிவிடும். எதிர் வீட்டு அம்மாள் துணி காயப்போட வந்தவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் என் மனைவியிடம் விசாரித்தாராம்.

பிறகு மட்டையைத் தலைகீழாகப் பிடித்து வீசுவது. ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும். அது எங்கே வருகிறது என்பதைக் காது சொல்ல வேண்டும். வலக்கால் பக்கம் வந்தால் வேகம் பந்துக்கு முன்னாலேயே செலவாகிவிட்டது என்று அர்த்தம். பந்து இருக்க வேண்டிய இடத்தில், அல்லது அதைத் தாண்டி வர வேண்டும். எனக்கு முதலில் சத்தம் வலக்கால் பக்கமே வந்தது. பத்து நாளில் நகர்ந்தது. பிறகு இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு அரை வீச்சு. அவசரப்பட்டால் உடம்பு தள்ளாடிவிடும். அது ஒரு நல்ல வாத்தியார்.

மூன்றாம் வாரம்தான் ரேஞ்சில் பந்து. ஏழாம் நம்பர் மட்டை மட்டும். டிரைவரை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன், கூட இருந்தால் கை அரிக்கும். செல்போனைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டு ஓட விட்டேன். முதல் இரண்டு தட்டுகளைச் சும்மா கேட்பது, மூன்றாவதில் எடுப்பு. ஆரம்பத்தில் ஏற்றம் எனக்கு அநியாய வேகமாகத் தெரிந்தது. ஏறும்போதே யாரோ பின்னாலிருந்து பிடுங்கிக்கொண்டு போவதைப் போல. 1.2 நொடிக்குப் பழகியவனுக்கு 0.9 அப்படித்தான் இருக்கும். படம் எடுத்துப் பார்த்தால் வெளியே எந்த அவசரமும் தெரியவில்லை. உள்ளே தெரிகிற வேகமும் வெளியே தெரிகிற வேகமும் வேறு வேறு. இந்த ஒரு காரணத்துக்காகவே செல்போன் படம் அவசியம். நம் உணர்வை நம்பினால் மறுபடி மாட்டு வண்டிதான்.

கேடி இந்த நாட்களில் பந்துக் கூடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் தகதிமி தெரியாது. அவர் ஊர்க் கோயில் நோன்புக்கு ஜமாப் அடிப்பவர்களுடன் சின்ன வயதிலிருந்தே ஆடியவர். அந்த அடியை வாய்க்குள் ஓட்டிக்கொண்டுதான் மட்டை வீசுவதாகச் சொன்னார். எங்கள் மைதானத்தில் கேடிகள் ஆட ஒரு நாள் உண்டு. அன்று வேண்டுமென்றே போய் அவர் ஆடுவதைப் பார்த்தேன். யார் யாரோ கழித்துவிட்ட மட்டைகள், ஒன்றுக்கொன்று ஒட்டாத நீளம். எந்த மட்டையை எடுத்தாலும் ஒரே தாளம். அவருக்குத் தெரியாமல் எடுக்கவில்லை, கேட்டே படம் எடுத்தேன். எண்ணினேன். 168 படம் ஏற, 56 படம் இறங்க. 21-க்கு 7, அச்சு அசலாக. எண்ணைச் சொன்னபோது அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. “அப்படீங்களா” என்றார்.

இப்படிப் பார்த்துப் பழகியவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. தில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். எண்ணும் படமும் எனக்கு வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஐம்பது வயதுக்கு மேல் மில் முதலாளி தயவில் மட்டை பிடித்தவன் நான். பத்து வயதில் கம்பி பிடித்தவருக்கு வேண்டியதில்லை.

வேகம் அவரவருடையது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எர்னி எல்ஸை ‘பிக் ஈஸி’ என்பார்கள். பார்த்தால் தூங்கி எழுந்து சோம்பல் முறிப்பதைப் போல அடிப்பார். அமெரிக்க ஓபனை இரண்டு முறையும் பிரிட்டிஷ் ஓபனை இரண்டு முறையும் வென்றவர். நிக் பிரைஸ் சட்டென்று எடுத்துச் சட்டென்று முடிப்பவர். அவர் 1994-ல் பிரிட்டிஷ் ஓபன், பி.ஜி.ஏ. என்று ஒரே வருஷத்தில் இரண்டு பெரிய பட்டங்களை எடுத்தார். பிரைஸிடம் போய் ‘எல்ஸைப் போல ஆடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விளம்ப காலத்தில் பாடுபவரும் உண்டு, துரித காலத்தில் பாடுபவரும் உண்டு. நடுவில் ஓடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஆறு வாரம் கழித்து 56-க்குப் போய்ப் பார்த்தேன். பந்து கொஞ்சம் தூரம் போனது, மறுநாள் இடுப்பு ஞாபகப்படுத்தியது. 52-ல் நிறுத்திக்கொண்டேன்.

நோட்டில் எழுதியதை உள்ளபடி சொல்கிறேன். ரேஞ்சில் இரண்டு குச்சி நட்டு, நடுவே விழுகிற பந்துகளை எண்ணினேன். 20 பந்துக்கு ஆரம்பத்தில் 7. மூன்றாம் மாதம் 10. ஆறாம் மாதம் 13. அதற்கு மேல் ஏறவில்லை, 12-க்கும் 14-க்கும் நடுவே அசைகிறது. தூரம் கூடவில்லை. ஏழாம் நம்பரில் 120 கஜம் அடித்தவன் இன்றும் 120 கஜம்தான். ஆனால் முன்பு அந்த 120-க்கு மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது அடித்த பிறகு கால் தடுமாறாமல், பந்து விழுவதை நின்று பார்க்கிறேன். வருஷக் கெடு முடிந்து மருத்துவரிடம் போனேன். மறுபடி குடையைக் கொடுத்தார். காட்டினேன். “இன்னொரு தடவை” என்றார். காட்டினேன். “அடுத்த வருஷம் வாங்க” என்று குடையை வாங்கி வைத்துவிட்டார்.

ரேஞ்சில் சரியாக இருப்பது மைதானத்தில் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அங்கே செல்போன் தட்டு கிடையாது. கோல்ஃப் விதிகளில் 4.3 என்று ஒன்று, வீச்சின் டெம்போவுக்கு உதவியாகப் பாட்டோ ஒலியோ கேட்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை தண்டனை அடிகள், இரண்டாம் முறை ஆட்டத்தை விட்டே வெளியே. நல்ல விதி என்பது என் எண்ணம். கச்சேரி மேடையில் மெட்ரோனோம் வைத்துக்கொண்டு பாடினால் எப்படி இருக்கும்? ஆகவே தாளத்தைத் தொண்டைக்குள் எடுத்துக்கொண்டு போக வேண்டும். முதல் குழியில், பின்னால் எட்டுப் பேர் காத்துக்கொண்டு நிற்கும்போது, எனக்கு இன்னும் ‘திமி’ காணாமல் போய்விடுகிறது. ‘தக’வுக்கு அப்புறம் நேராகப் பந்து.

ஆனி, ஆடியில் இன்னும் மோசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் மைதானத்தில் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள், நிதானம் பறக்காதா? எதிர்க்காற்று வீசினால் ஓங்கி அடிக்கத் தோன்றும். ஓங்கி அடித்தால் பந்தில் பின்சுழற்சி கூடி அது மேலே எழும்பிக் காற்றில் நின்று காலடியில் விழும். ஒரு நம்பர் பெரிய மட்டையை எடுத்து அதே தாளத்தில் அடிப்பதுதான் வழி. போன ஆடியில் கேடி நான் கேட்டது எட்டாம் நம்பராக இருந்தால் ஏழை எடுத்துக் கொடுத்தார், ஏழு கேட்டால் ஆறு. ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு தடவை நான் நிற்கும்போது பையின் மேல் விரலால் மெல்லத் தட்ட ஆரம்பித்தார். “விதியில இடிக்குமோ என்னமோ, வேண்டாங்க” என்றேன். “அப்ப நீங்களே உள்ள ஓட்டிக்கோங்க” என்று கையை எடுத்துக்கொண்டார்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. என்னோடு பதினைந்து வருஷம் ஜோடியாக ஆடியவர், பாங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது 74 வயது. எல்லோருக்கும் அவர் அண்ணன். இரண்டு வருஷம் முன்பு லேசான பக்கவாதம் வந்து இடக்கை பலம் இழந்தது. வலக்கைக்காரர் முழு வீச்சில் இடக்கைதான் வழி நடத்தும். ஆகவே ஆட்டம் போயிற்று. ஏழு மாதம் மைதானத்தின் பக்கமே வரவில்லை. பிறகு மகன் காரில் கொண்டுவந்து விட, ரேஞ்சில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் அடிப்பதைப் பார்க்க ஆரம்பித்தார். பார்ப்பவர் முகத்தை நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அண்ணன் மார்கழியானால் சென்னைக்குப் போய் சபா சபாவாக ஏறி இறங்கும் ரசிகர். என் வாயில் தகதிமி ஓடுவது காதில் விழுந்ததும், “மாஸ்டர், என்ன இது கொன்னக்கோலா?” என்றார். சொன்னேன். அப்படியானால் பட்டிங்குக்கு என்ன கணக்கு என்று கேட்டார். நல்ல கேள்வி. கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் போடுகிற அந்தச் சின்ன அடிக்கு விகிதம் வேறு: இரண்டுக்கு ஒன்று. அப்படியானால் அது திஸ்ரம். த, கி, ட. ‘ட’வில் மட்டை பின்கோடி, அடுத்த ‘த’வில் பந்து. அவர் உடனே, இது ரூபகமா, திஸ்ர ஏகமா என்று என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் சண்டை போட்டது அன்றுதான்.

நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே கேடி பேசாமல் போய் என் பட்டரை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார். பட்டிங்குக்கு இடக்கை பலம் வேண்டாம். பிடித்துக்கொண்டு இருந்தால் போதும், வலத்தோள் ஊசல் மாதிரி ஆட்டிவிடும். செல்போனில் 60 தட்டு வைத்தேன். முதல் நாள் பயிற்சிக் கிரீனில் பத்து நிமிடம் நின்றார். அடுத்த வாரம் அரை மணி. நான்கு அடித் தூரத்திலிருந்து பத்துக்கு மூன்று விழுந்தது, பிறகு ஐந்து. முழு ஆட்டம் இனி அவருக்கு இல்லை, அது அவருக்கும் தெரியும். ஆனால் வாரம் இரண்டு நாள் காரை விட்டு இறங்கி, தடியில்லாமல் கிரீன் வரைக்கும் நடக்கிறார்.

இப்போது நான் ரேஞ்சில் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அண்ணனும் கேடியும் கிரீனில் போட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆளுக்குப் பத்துப் பந்து, தோற்றவர் டீ வாங்க வேண்டும். கேடி விட்டுக்கொடுத்து ஆடுவதில்லை. இதுவரை அண்ணன் பதினோரு டீ பாக்கி. அவரோ, தன் கணக்கில் ஒன்பதுதான் என்கிறார்.